ஒரு போதகரும் நியூயார்க் நகரத்து மாமூலும்

மாமூல் என்றால் என்னவென்று தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சட்டப்படி நடத்தக்கூடாத ஒன்றை நடத்துபவர் கொடுப்பார். ஒரு தவறும் செய்யாமல் ஓரமாகக் கடை போட்டிருப்பவரும், எதற்கு வம்பு என்று கொடுப்பார். 1890-களில் நியூயார்க் நகரம் ஏறக்குறைய இந்த மாமூலின் மீதுதான் நடந்துகொண்டிருந்தது. காவலர் வேலையில் சேருவதற்கு ஒரு விலை, பதவி உயர்வுக்கு ஒரு விலை, ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைக்க ஒரு விலை. அந்த ஏற்பாட்டை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தவர் சார்ல்ஸ் ஹென்றி பார்க்ஹர்ஸ்ட் என்கிற புராட்டஸ்டன்ட் போதகர்.

அமெரிக்க வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் 'நகரச் சீர்திருத்தம்' என்ற சொல்லைச் சீக்கிரமே சந்திப்பார்கள். ஏதோ சாலை போடுவது, சாக்கடை கட்டுவது பற்றிய சொல் போலத் தோன்றும். அதுவும் உண்டுதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் வேறு. நகரத்தை ஆள்பவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், ஓட்டுப் போட்ட மக்களுக்கா, அவர்களைப் பதவியில் உட்காரவைத்த கட்சித் தலைவருக்கா என்ற சண்டைதான் அது. 1880-களிலிருந்து சுமார் முப்பது, நாற்பது ஆண்டுகள் அமெரிக்காவின் பெரிய நகரங்கள் பலவற்றில் இந்தச் சண்டை நடந்தது. பத்திரிகையாளர்கள், வணிகர்கள், பெண்கள் அமைப்புகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். போதகர்களும் கணிசமாக இருந்தார்கள். கோவில் வேலையைப் பார்க்க வேண்டியவருக்கு நகராட்சியில் என்ன வேலை என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. பார்க்ஹர்ஸ்டின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அதற்கான பதிலும் புரியும், அந்தப் பதிலின் குறையும் புரியும்.

அவர் 1842 ஏப்ரல் 17 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாமில் பிறந்தார். பண்ணைக் குடும்பம். பதின்ம வயதில் ஒரு கடையில் வேலை பார்த்தார். பிறகு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்து 1866-இல் பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை, ஜெர்மனியில் இறையியல் படிப்பு, 1874-இல் லெனாக்ஸ் என்ற சிற்றூரில் காங்கிரகேஷனல் (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் புராட்டஸ்டன்ட் மரபு) சபைக்குப் போதகர். (மதுரையில் அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கிய மிஷனரிகளும் இந்த மரபின் வழியில் வந்தவர்கள்தான்.) 1880-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை அவரை அழைத்துக்கொண்டது. பிரஸ்பிட்டேரியன் சபைகளில் பிஷப் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் சேர்ந்து சபையை நடத்துவார்கள். மேடிசன் சதுக்கம் வசதியானவர்கள் வாழ்ந்த பகுதி, சபையும் அப்படியே. தாடி வைத்த, கண்ணாடி போட்ட, புத்தகப் பிரியரான போதகர். கோடை விடுமுறையில் ஆல்ப்ஸ் மலை ஏறுவதில் அவருக்குப் பெரிய விருப்பம். முதல் பதினோரு ஆண்டுகள் அவருடைய பெயர் பெரிதாக வெளியே வரவில்லை.

எதிரி யார்?

டாமனி ஹால் என்பது 1789-இல் ஒரு நண்பர் சங்கமாகத் தொடங்கியது. லெனாப்பே பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரிலிருந்து அதன் பெயர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சியின் அமைப்பாகவே ஆகிவிட்டது. அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட அமைப்பை 'எந்திரம்' என்று அழைத்தார்கள். ஏன் எந்திரம்? ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தலைவர், அவருக்குக் கீழே தெருத்தெருவாக ஆட்கள். கப்பலில் இறங்கி வந்த அயர்லாந்துக்காரருக்கு வேலை, வீட்டில் நெருப்பு பிடித்தால் உதவி, குளிர்காலத்தில் நிலக்கரி, சாவு விழுந்தால் செலவுக்குப் பணம். பதிலுக்கு ஓட்டு. அந்த ஓட்டால் பதவி, அந்தப் பதவியால் பணம், அந்தப் பணத்தால் மீண்டும் நிலக்கரி. நெம்புகோலை ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் ஓட்டு விழும். பார்க்ஹர்ஸ்ட் காலத்தில் இந்த எந்திரத்தின் உச்சியில் இருந்தவர் ரிச்சர்ட் குரோக்கர்.

இதில் காவல் துறைக்கு என்ன பங்கு? அங்கேதான் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். அன்றைய நியூயார்க் சட்டங்கள் மிகக் கடுமையானவை. ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது, சூதாட்டம் கூடாது, பாலியல் தொழில் விடுதி கூடாது. ஆனால் எல்லாமே நடந்தன. சட்டம் கடுமையாக இருந்து, அதை யார்மீது பாய்ச்சுவது என்பது மட்டும் காவலர் கையில் இருந்தால், சட்டப் புத்தகமே விலைப்பட்டியல் ஆகிவிடும். ஒவ்வொரு காவல் சரகத்திலும் கேப்டனுக்காக வசூலித்துக் கொடுக்க சாதா உடையில் ஒரு காவலர் இருப்பார். வசூல் மேலே போகும், மேலிருந்து பாதுகாப்பு கீழே வரும். கேப்டன் பதவியையே காசு கொடுத்து வாங்கியவருக்குப் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டிய கட்டாயமும் இருந்தது.

குற்றத் தடுப்புச் சங்கம் என்று ஒன்று நியூயார்க்கில் 1870-களின் இறுதியிலிருந்து இருந்தது. அதன் தலைவர் ஹோவர்ட் கிராஸ்பி 1891-இல் இறந்தபோது பார்க்ஹர்ஸ்டைத் தலைவராக்கினார்கள். அதுவரை அந்தச் சங்கம் மதுக்கடைக்காரர்களையும் சூதாட்டக்காரர்களையும் துரத்திக்கொண்டிருந்தது. பார்க்ஹர்ஸ்ட் ஒரு நிபந்தனை போட்டுத்தான் பொறுப்பை ஏற்றார்: இனி குறி காவல் துறையின்மீதுதான். கடைக்காரரைப் பிடித்து என்ன பயன், அவரைக் காப்பாற்றுகிறவர் சீருடையில் நிற்கிறாரே என்பது அவர் வாதம். அவர் பேசிய எல்லாப் பிரசங்கங்களையும்விட இந்த ஒரு முடிவுதான் அவரை வரலாற்றில் நிறுத்தியது என்று நினைக்கிறேன். ஒழுக்கம் பேசிய போதகர்கள் நியூயார்க்கில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒழுங்கீனத்திலிருந்து யாருக்கு வருமானம் போகிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இரண்டு பிரசங்கங்கள்

1892 பிப்ரவரி 14, ஞாயிறு. அன்று அவர் எடுத்துக்கொண்ட வசனம் மத்தேயு 5:13, "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்". இந்த வசனத்துக்குக் கருவாடு போடுகிற ஊரில் விளக்கவுரை தேவையில்லை. உப்பு ஜாடியிலேயே இருந்தால் மீன் அழுகிப்போகும். அழுகுகிற இடத்தில் போய்த் தேய்த்தால்தான் அது உப்பு. பார்க்ஹர்ஸ்ட் நேராக நகராட்சிக்குப் போனார். மேயரையும் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் பொய், பொய்ச்சத்தியம், குடி, காமம் இவற்றில் ஊறிய கூட்டம் என்றார். நகரத்தை ஆள்வதாகச் சொல்லிக்கொண்டு அதன் உயிரை இரவும் பகலும் தின்கிறார்கள் என்றார். நாங்கள் குற்றவாளிகளை மனந்திருப்பப் பார்க்கிறோம், இவர்களோ குற்றவாளிகளை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

மறுநாள் நாளிதழ்களில் அது வெளியானது. நகரமே கொதித்தது. ஆனால் கொதித்தவர்களில் பலர் கோபப்பட்டது போதகர்மீது. பிப்ரவரி 23 அன்று கிராண்ட் ஜூரி அவரை அழைத்தது. கிராண்ட் ஜூரி என்பது, ஒரு குற்றச்சாட்டை வழக்காக எடுத்துக்கொண்டு போக ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் குடிமக்கள் குழு. சரி, நீங்கள் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவரிடம் இருந்தது செய்தித்தாளில் படித்தது மட்டுமே. ஊரே பேசிக்கொள்வதுதானே என்பது ஆதாரம் ஆகாது. ஆதாரமில்லாமல் பழி சுமத்தினார் என்று ஜூரி அவரைக் கண்டித்தது. டாமனிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? ஒன்று, வாயை மூடிக்கொள்வார்கள். இல்லையென்றால் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். பார்க்ஹர்ஸ்ட் இரண்டையும் செய்யவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி இல்லாமல் இன்னொரு முறை ஜூரி முன்னால் போய் நிற்கப் போவதில்லை என்று முடிவுசெய்தார். ஜூரி தன்னை அவமானப்படுத்தியது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஜூரி கேட்டது நியாயமான கேள்வி என்று அவர் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

சார்ல்ஸ் கார்ட்னர் என்ற தனியார் துப்பறிவாளரை ஓர் இரவுக்கு 6 டாலர் கூலிக்கு, செலவு தனி என்று பேசி அமர்த்தினார். சபையைச் சேர்ந்த ஓர் இளைஞரும் கூட வந்தார். போதகர் என்று அடையாளம் தெரியாமல் இருக்க கார்ட்னர் அவருக்குக் கட்டம்போட்ட பழைய கால்சட்டை மாட்டிவிட்டார், கழுத்தில் சிவப்புத் துணியைச் சுற்றினார், தலைமுடியைச் சோப்பு போட்டுப் படிய வைத்தார். மார்ச் மாதத்தில் சில இரவுகள் அவர்கள் நகரத்தின் அடிமட்டத்தைச் சுற்றினார்கள். செர்ரி தெருவின் மதுக்கடையில், அப்பாவுக்காகச் சிறுமிகள் விஸ்கி வாங்கிப் போவதைப் பார்த்தார்கள். அபின் புகைக்கும் அறைகள், விடுதிகள், நடன மண்டபங்கள் என்று போனார்கள். இதைவிட மோசமானதைக் காட்டு, இன்னும் மோசமானதைக் காட்டு என்று போதகர் கேட்டுக்கொண்டே இருந்ததாகக் கார்ட்னர் பிறகு எழுதினார். அவருடைய கோவிலிலிருந்து மூன்றே தெரு தள்ளி ஹேட்டி ஆடம்ஸ் என்ற பெண் நடத்திய விடுதியில், காசு வாங்கிக்கொண்டு பெண்கள் உடையில்லாமல் ஆடினார்கள். போதகர் ஒரு மூலையில் பீர் கோப்பையுடன் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தார்.

மார்ச் 13 ஞாயிறன்று கோவில் நிரம்பி வழிந்தது. இந்த முறை பிரசங்க மேடையில் வேதாகமத்தோடு பிரமாண வாக்குமூலங்களின் கட்டு ஒன்றும் இருந்தது. எந்தத் தெரு, எந்தக் கதவு எண், எந்த நேரம், யார் சாட்சி என்று எல்லாம் அதில் இருந்தது. முதல் பிரசங்கத்தில் உரிச்சொற்கள் நிறைய. இரண்டாவதில் முகவரிகள் நிறைய. மனப்பாடம் செய்து ஒப்பிக்கத் தோன்றுவது முதலாவது. நகரத்தை அசைத்தது இரண்டாவது.

புதிய கிராண்ட் ஜூரி ஏப்ரல் தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. குறைந்த வசதிகளை வைத்துக்கொண்டு தனிமனிதர்கள் கண்டுபிடிப்பதைக்கூடக் காவல் துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், ஒன்று அது திறமையற்றது, அல்லது சட்டவிரோதமான, ஊழலான காரணங்களுக்காகச் சும்மா இருக்கிறது என்பதே அதன் சாரம். அந்த மாதமே காவல் துறைத் தலைவர் மாறினார், தாமஸ் பிர்ன்ஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

சந்தோஷப்பட்டு நகர்ந்துவிட முடியாத இடம் ஒன்று இங்கே உண்டு. ஹேட்டி ஆடம்ஸுக்குத் தண்டனை கிடைத்தது. அவரிடமிருந்து மாமூல் வாங்கியவர்களுக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. போதகர் குறிவைத்தது காவல் துறையை. சாட்சி சொன்னபோது முதலில் அடிபட்டது அந்த வீட்டுப் பெண்கள். காவல் துறையும் இதைப் புரிந்துகொண்டது. விடுதிகளைக் கடுங்குளிரில் திடீரென மூடி, உள்ளே இருந்த பெண்களைத் தெருவில் விட்டு, போய் பார்க்ஹர்ஸ்டிடம் கேளுங்கள் என்று சொன்னது. அவர்களில் சிலர் நிஜமாகவே அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் தங்க இடம் ஏற்பாடு செய்தார். அது நல்ல காரியம். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் எதைச் செய்து பிழைப்பார்கள் என்பதற்கு அவரிடமோ அவர் சங்கத்திடமோ திட்டம் இல்லை.

கேலியும் வந்தது. விடுதியில் நடந்ததை வைத்து அவர்மீது ஆபாசப் பாட்டு கட்டித் தெருவில் பாடினார்கள். கார்ட்னர்மீது பணம் பறிக்க முயன்றதாக வழக்கு வந்தது, தண்டனைத் தீர்ப்பும் வந்தது. அவருக்காக வாதாடிய ஜான் காஃப் என்ற வழக்கறிஞரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் மறுபடி வருவார். பார்க்ஹர்ஸ்ட் இதற்கிடையில் நகர விழிப்புக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் தங்கள் வட்டாரத்தைத் தாங்களே அறிந்து வைத்திருக்க வேண்டும், எந்தச் சட்டம் மீறப்படுகிறது, எந்த அதிகாரி வேலை செய்யவில்லை என்று தெருவாரியாகக் கவனிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். டாமனிக்குத் தெருத்தெருவாக ஆட்கள் இருக்கும்போது எதிர்ப்பக்கத்துக்கும் தெருத்தெருவாக ஆட்கள் வேண்டும் என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

10,576 பக்கங்கள்

நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் நகரத்தில் கூடுவதில்லை, ஆல்பனியில் கூடுகிறது. 1893 தேர்தலில் அது குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தது. நகர வணிகச் சங்கமும் விசாரணை வேண்டும் என்று கேட்டது. 1894 ஜனவரியில் செனட்டர் கிளாரன்ஸ் லெக்ஸோ தலைமையில் ஒரு குழு அமைந்தது. இதில் குடியரசுக் கட்சிக்கு அரசியல் லாபம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சியின் கோட்டையை இடிக்க அவர்களுக்குக் கிடைத்த கடப்பாரை இது. ஜனநாயகக் கட்சி ஆளுநர் செலவுக்கான ஒதுக்கீட்டைத் தன் அதிகாரத்தால் தடுத்தார். வணிகச் சங்கம் பணத்துக்கு வழி செய்தது. பார்க்ஹர்ஸ்டின் சங்கம் சேர்த்துவைத்திருந்த ஆதாரங்கள் குழுவுக்குப் போயின. தலைமை வழக்கறிஞராக வந்தவர் ஜான் காஃப்.

மார்ச்சில் தொடங்கி டிசம்பர் இறுதிவரை விசாரணை. 678 சாட்சிகள், 10,576 பக்க வாக்குமூலம். பணக்காரச் சபையின் போதகர் ஒருவர் காமக் களியாட்டத்தைப் பற்றிப் புலம்புகிறார் என்று நினைத்திருந்தவர்கள், இங்கே வேறொன்றைக் கேட்டார்கள். விடுதி நடத்தியவர்கள், சரகத்துக்குப் புதிய கேப்டன் வந்தால் 500 டாலர், அப்புறம் மாதாமாதம் 50 டாலர் என்று கொடுத்த கணக்கைச் சொன்னார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தள்ளுவண்டியில் பழம் விற்றவர்களும் கொடுத்திருக்கிறார்கள். காலணிக்கு மெருகு போடும் பையன்களும் ஏதாவது ஒரு வடிவத்தில் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் கம்பெனிகளும் கொடுத்திருக்கின்றன. காவலர் வேலைக்குச் சேர 300 டாலர் என்பது வழக்கமான விலை. டிமொத்தி கிரீடன் என்ற கேப்டன், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், மதிப்புள்ளவர், கேப்டன் ஆவதற்கு 15,000 டாலர் திரட்டிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். முதல் நாள் நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் மறுத்தார், பிறகுதான் உண்மையைச் சொன்னார். 'தடியடி' என்ற பட்டப்பெயர் பெற்ற அலெக்சாண்டர் வில்லியம்ஸ் என்ற அதிகாரியிடம் இவ்வளவு சொத்து எப்படி வந்தது என்று கேட்டபோது, ஜப்பானில் மனை வாங்கி விற்றேன் என்றார். டிசம்பரில் மேக்ஸ் ஷ்மிட்பெர்கர் என்ற கேப்டன் தன் கைப்பட வசூலித்ததையும் மேலே கொடுத்ததையும் வரிசையாகச் சொன்னார்.

இந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு சிறிய சாட்சியம். ருஷ்யாவிலிருந்து குழந்தைகளோடு வந்து, சின்னதாகக் கடை வைத்துப் பிழைத்த ஒரு யூத விதவை. ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஒரு துப்பறியும் காவலர் 50 டாலர் கேட்டார். நான் தப்பான தொழில் எதுவும் செய்யவில்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். பாலியல் தொழில் செய்ததாகப் பொய் வழக்கு போட்டார்கள். குழந்தைகளை அவரிடமிருந்து பிரித்து ஒரு காப்பகத்தில் விட்டார்கள். மாமூல் என்பது குற்றவாளிக்கும் காவலருக்கும் நடுவே நடக்கிற ரகசிய வியாபாரம், நல்லவர்களுக்கு அதில் நட்டமில்லை என்று நினைத்த நியூயார்க்வாசிகளுக்கு இந்தப் பெண்மணி விளங்கவைத்தார். கொடுக்காதவரைத் தண்டிக்கத் தெரிந்தால்தான் கொடுப்பவரிடம் வாங்க முடியும். அந்தத் தண்டனை ஏழைகளிடம்தான் முதலில் காட்டப்படும்.

1894 நவம்பரில் தேர்தல். டாமனிக்கு எதிரானவர்கள் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து எழுபதின்மர் குழு என்று ஒன்று அமைத்து வில்லியம் ஸ்ட்ராங் என்ற வணிகரை நிறுத்தினார்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம். இருந்தாலும் பார்க்ஹர்ஸ்ட் பெண்களை அழைத்தார். ஜோசஃபைன் ஷா லோவல் தலைமையில் மகளிர் நகராட்சிக் கழகம் உருவாகி வேலை செய்தது. ஸ்ட்ராங் வென்றார். டாமனி வெளியேறியது. இவ்வளவு வேலை செய்த பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டபோது பார்க்ஹர்ஸ்ட் அதை எதிர்த்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு அவர்மீது உள்ள மரியாதையில் இது பெரிய கீறல்.

மூன்று ஆண்டுகள்

புதிய நிர்வாகத்தில் நல்லது நடந்தது. ஜார்ஜ் வேரிங் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்து, குப்பைமேடாகக் கிடந்த தெருக்களைச் சுத்தமாக்கினார். 1895 மே மாதம் தியோடர் ரூஸ்வெல்ட் காவல் ஆணையக் குழுவின் தலைவரானார். பிர்ன்ஸும் வில்லியம்ஸும் ஓய்வில் போனார்கள். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரூஸ்வெல்ட், இரவில் தெருத்தெருவாக நடந்து, தூங்கும் காவலர்களைப் பிடித்தார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதைச் சரியாக அமல்படுத்தினால் மாமூலுக்கு வேலை இருக்காது என்று ரூஸ்வெல்ட் நம்பினார். மதுக்கடைகள் ஞாயிறன்று நிஜமாகவே மூடப்பட்டன. வாரத்தில் ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்கு விடுமுறை அந்த ஒரு நாள்தான். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஞாயிறு மாலை தோட்டத்தில் உட்கார்ந்து பீர் குடிப்பது குழந்தைகுட்டியோடு செய்கிற ஊர்வழக்கம். பணக்காரர்கள் தங்கள் கிளப்பில் குடித்துக்கொண்டிருந்தார்கள், அங்கே யாரும் கதவைத் தட்டவில்லை. ஸ்ட்ராங்குக்கு ஓட்டுப் போட்ட ஜெர்மானியர்களே திரும்பினார்கள். 1896-இல் மாநிலச் சட்டமன்றம் ரெய்ன்ஸ் சட்டத்தை இயற்றியது. அதன்படி பத்துப் படுக்கையறை உள்ள ஹோட்டல்கள் ஞாயிறன்று உணவோடு சேர்த்து மது பரிமாறலாம். உடனே மதுக்கடைகள் மாடியில் பலகை அடித்துப் பத்து அறை உண்டாக்கி 'ஹோட்டல்' ஆகிவிட்டன. காலியாகக் கிடந்த அந்த அறைகள் மணிக்கணக்கில் வாடகைக்குப் போயின. பாலியல் தொழிலைக் குறைக்க நினைத்த நகரம் அதற்கு ஆயிரக்கணக்கான புதிய அறைகளைக் கட்டிக் கொடுத்தது போல ஆயிற்று.

லெக்ஸோ விசாரணையில் சிக்கிய காவல் அதிகாரிகளில் பலர் நீதிமன்றம் போய் வேலையைத் திரும்பப் பெற்றார்கள். 1897 நவம்பரில் டாமனியின் ராபர்ட் வான் விக் மேயர் தேர்தலில் வென்றார். ஊழலுக்குப் பெயர்போன வில்லியம் டெவெரி 1898-இல் காவல் துறைத் தலைவரே ஆனார்.

இதிலிருந்து சீர்திருத்தம் வீண் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் பார்க்ஹர்ஸ்ட் பார்க்கத் தவறியதை மறைக்கவும் முடியாது. டாமனி திருடியது, உண்மை. அதே டாமனிதான் வேலை இழந்தவன் வீட்டுக்கு நிலக்கரி அனுப்பியது. அமெரிக்காவில் 1893-இல் பெரிய பொருளாதார வீழ்ச்சி வந்தது. வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் நகரம் முழுக்க இருந்தார்கள். அவர்களிடம் போய் எந்திரத்தை உடைப்போம் என்று சொன்னவர், எந்திரம் செய்துகொண்டிருந்த உதவியை இனி யார் செய்வார்கள் என்று சொல்லவில்லை. மேடிசன் சதுக்கத்தில் அந்தக் கேள்வி எழாது. எழுகிற இடங்களில் வேறு போதகர்கள் இருந்தார்கள். அதே நகரத்தில் ஹெல்ஸ் கிச்சன் என்ற ஏழைப் பகுதியின் ஓரத்தில், ஜெர்மன் பாப்டிஸ்ட் சபைக்கு 1886 முதல் வால்ட்டர் ரவுஷன்புஷ் போதகராக இருந்தார். குழந்தைகளின் சவ அடக்கங்களை நடத்தி நடத்தி மனம் நொந்தவர் அவர். ஓஹியோவின் கொலம்பஸ் நகரில் வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர், தானே தேர்தலில் நின்று 1900 முதல் 1902 வரை நகர மன்ற உறுப்பினராக இருந்தார். கூலி, வீடு, தண்ணீர், வாடகை இவையெல்லாம் சுவிசேஷத்துக்குள் வருகிற விஷயங்கள் என்று இவர்கள் சொன்னார்கள். இந்தச் சிந்தனைக்குத்தான் 'சமூக சுவிசேஷம்' என்று பெயர். அமெரிக்கக் கிறிஸ்தவ வரலாற்றில் இந்தச் சொல்லைப் பார்த்தால் பார்க்ஹர்ஸ்டை அதற்குள் முழுதாக அடைத்துவிடாதீர்கள். அவர் அதன் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கேட்டது நேர்மையான நிர்வாகம். அவர்கள் கேட்டது நியாயமான வாழ்க்கை. கொஞ்சம் சேர்ந்து நடந்திருந்தால் 1897 வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று அடிக்கடி நினைப்பேன்.

மேடிசன் சதுக்கச் சபைக்கு ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் வடிவமைத்த அழகான குவிமாடக் கோவில் 1906-இல் திறக்கப்பட்டது. 1918-இல் சபை வேறு சபைகளோடு இணைந்தது, பார்க்ஹர்ஸ்ட் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே கோவிலை இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கட்டிய உயர்ந்த கட்டடம் நிற்கிறது.

அவர் நீண்ட காலம் வாழ்ந்தார். 1930-இல் நியூயார்க்கில் மறுபடியும் ஒரு விசாரணை தொடங்கியது. நடத்தியவர் சாமுவேல் சீபரி என்ற முன்னாள் நீதிபதி, ஒரு குருவானவரின் மகன். குற்றமற்ற பெண்களைக் காவலர்கள் பாலியல் தொழில் வழக்கில் மாட்டிவிட்டுப் பணம் பறித்தது அந்த விசாரணையிலும் வெளிவந்தது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் அதே முறை. இந்த முறையும் கேள்வி கேட்டவர்கள் வங்கிக் கணக்கு, தேதி, தொகை என்று எழுத்தில் இருப்பதை வைத்துக்கொண்டே கேட்டார்கள். டாமனி ஆதரவு பெற்ற மேயர் ஜிம்மி வாக்கர் 1932 செப்டம்பரில் பதவி விலகினார்.

1933 செப்டம்பர் 8 அன்று, நியூ ஜெர்சி கடற்கரை ஊரான வென்ட்னரில், தூக்கத்தில் நடந்த பார்க்ஹர்ஸ்ட் தாழ்வாரக் கூரையிலிருந்து விழுந்து இறந்தார். வயது 91. இரண்டு மாதம் கழித்து, டாமனியை எதிர்த்து நின்ற ஃபியரெல்லோ லகார்டியா நியூயார்க்கின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அந்தப் பதவியில் இருந்தார்.